மூன்றாவது மெழுகுவத்தி

தட்டில் கொஞ்சம் தண்ணீர். நடுவில் எரியும் மெழுகுவத்தி. மேலே கவிழ்த்த ஹார்லிக்ஸ் பாட்டில். அறிவியல் டீச்சராக வேலை பார்க்கிற எவரும் இதை ஒரு தடவையாவது செய்துகாட்டியிருப்பார்கள். லேப் வேண்டாம், பெரிய செலவு இல்லை, இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்தால் சட்டென்று எடுத்து வைக்கலாம். மெழுகுவத்தி அணையும், தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறும். "பாத்தீங்களா? காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிஞ்சு தீந்துபோச்சு. காலியான இடத்துக்குத் தண்ணி வந்துருச்சு." நோட்டில் படம் வரைவோம், பாகம் குறிப்போம், அடுத்த பாடத்துக்குப் போவோம்.

எனக்கு என் டீச்சர் சொன்னது அப்படித்தான். நான் வாங்கி வைத்திருந்த கைடிலும் அப்படித்தான் இருந்தது. 11 வருஷம் ஒரு எழுத்து பிசகாமல் நானும் அதையே சொன்னேன்.

அது தப்பு என்று எனக்குக் காட்டியது கடைசி பெஞ்ச் பையன் ஒருவன். மதுரைக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 31 பிள்ளைகள். வழக்கம்போல் செய்துகாட்டி முடித்து, டஸ்டரை எடுக்கப் போனேன். "டீச்சர், மூணு வத்தி வச்சா?" என்றான். நான் யோசிக்கவே இல்லை. "பாட்டில் அதே பாட்டில்தானே? உள்ள இருக்குற ஆக்சிஜனும் அதே அளவுதான். தண்ணியும் அதே அளவுதான் ஏறும்." என் விளக்கத்தின்படி அதுதான் சரியான பதில். வேறு நாளாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். அன்றைக்கு மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிய கேக் மெழுகுவத்திகளில் மிச்சம், சாக்பீஸ் டப்பாவில் கிடந்தது. சரி, வைத்துத்தான் பார்ப்போமே என்று நினைத்தேன்.

பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, ஸ்கேலால் கோடு போட்டோம். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம். ஒரு வத்திக்குத் தண்ணீர் 2 சென்டிமீட்டர் ஏறியது. மூன்று வத்திக்கு 5-ஐத் தொட்டு நின்றது.

வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்புறம் முன் பெஞ்சிலிருந்து ஒரு கணக்குக்காரி கையைத் தூக்கினாள். "பாட்டில் 15 சென்டிமீட்டர். அஞ்சுல ஒரு பங்குன்னா 3 தான டீச்சர் வரணும்? இது 5 வந்துருச்சு." ஒரு வத்தி வைத்தபோது குறைந்தது, மூன்று வைத்தபோது கூடியது. 3 என்று எந்தத் தடவையும் வரவில்லை. இத்தனை வருஷமாக நான் ஏறிய தண்ணீரை அளந்து பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "நாளைக்குப் பாப்போம்" என்றேன். டீச்சர்கள் எல்லோரிடமும் இருக்கிற கேடயம் அது.

மறுநாள் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். பதில் சொல்ல வேண்டாம், தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள் என்றேன். ஆறு ஆறு பேராக உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு விஷயம் வெளியே வந்தது. ஒன்று, பாட்டிலைக் கவிழ்க்கும்போது விளிம்பின் அடியிலிருந்து குபுகுபுவென்று குமிழி வெளியே போகிறது. மூன்று வத்தி என்றால் நிறையக் குமிழி. இரண்டு, வத்தி எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் அசையவே இல்லை என்று சொல்லலாம். அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. ஆக்சிஜன் எரிந்து தீரத் தீரத் தண்ணீர் ஏறுகிறது என்றால், எரியும்போதே அல்லவா ஏற வேண்டும்? 11 வருஷமாக என் கண் முன்னால் நடந்ததுதான் இது. பதில் முன்கூட்டியே தெரிந்திருந்ததால் நான் பார்க்கவில்லை.

"அப்ப ஏன் ஏறுது?" என்று கேட்டேன். நிஜமாகவே எனக்கும் முழுசாகத் தெரியாது. ஒரு பெண் கையைத் தூக்காமலே, பக்கத்துப் பிள்ளையிடம் சொல்வது மாதிரி சொன்னாள். "எங்கப்பாவுக்குத் தூக்குவாளியில சுடச்சுடக் கஞ்சி ஊத்தி மூடிக் குடுத்தா, மத்தியானம் மூடி திறக்க வராது. இறுகிக்கும். பக்கத்துல ஆள வச்சுத்தான் திறப்பாரு. அதுமாதிரி இருக்கும்ல?"

அதேதான். சூடான காற்று விரிந்து, கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ஆறும்போது சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. தூக்குவாளியில் மூடி இறுகுகிறது, பாட்டிலில் தண்ணீரைத் தள்ளி ஏற்றிவிடுகிறது. குமிழியாகப் போனது அந்தக் காற்றுதான். வத்தி கூடினால் சூடு கூடும், வெளியே போகும் காற்றும் கூடும்.

ஆனால் தூக்குவாளிக்காரி சொன்னது ஓர் ஊகம்தான். அதை எப்படிச் சோதிப்பது? நெருப்பே இல்லாமல் பாட்டிலைச் சூடு பண்ணிக் கவிழ்த்தால் என்ன ஆகும் என்று பையன்களே யோசனை சொன்னார்கள். சத்துணவுக் கூடத்து அக்காவிடம் கொதிக்கிற தண்ணீர் வாங்கி வந்து ஊற்றியதும் பாட்டில் 'டப்'பென்று விரிசல் விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஹெச்.எம். மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தப்பு என்னுடையது. அடுத்த பாட்டிலில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிஷம் வைத்து, கொட்டிவிட்டு நீலத்தண்ணீர்த் தட்டில் கவிழ்த்தோம். எதுவும் எரியவில்லை. ஆக்சிஜன் அப்படியே உள்ளே இருக்கிறது. தண்ணீர் ஏறியது. வகுப்பு போட்ட சத்தத்துக்கு ஹெச்.எம். இரண்டாம் தடவை எட்டிப் பார்த்தார்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மூடிய பாட்டிலுக்குள் அது ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும். ஆக, ஆக்சிஜன் 'தீர்ந்து' போவதில்லை. எரிந்துபோன கொஞ்சத்துக்கும் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெரும்பங்கு வேலை சூட்டுடையது. ஒரு வத்தி வைத்தால் சில பாட்டில்களில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட ஏறும். அந்தத் தற்செயல்தான் இந்தத் தப்பான விளக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக வாழவைத்தது.

மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு 6 உரை நிகழ்த்தினார். நாம் அரை பீரியடில் முடித்துவிடுகிறோம்.

அப்படியானால் 'ஐந்தில் ஒரு பங்கு' என்பதே கதையா? இல்லை, அது உண்மைதான். அதைக் காட்ட வேறு வழி வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், பதிலுக்கு வாயு எதையும் வெளியே விடாது, சூடும் தெரியாது. சோதனைக்குழாயின் உள்பக்கத்தை நனைத்து இரும்புத்தூளை ஒட்டவைத்து, தண்ணீரில் கவிழ்த்து வைத்தால் போதும். நான் அதிபுத்திசாலியாகக் கடையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் வாங்கிப் போட்டேன். மூன்று நாள் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் ஒரு பையன், "டீச்சர், அது எவர்சில்வர், துருவே பிடிக்காது. பிடிச்சா எங்கம்மா வாங்குவாங்களா?" என்றான். அவனுடைய மாமா லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். மறுநாள் ஒரு பாலிதீன் பை நிறைய இரும்புத்தூள் வந்தது. அதன் பிறகு தினமும் காலையில் பிரேயர் முடிந்ததும் கும்பலாகப் போய்க் கோடு போடுவார்கள். ஒரு வாரத்தில் 15 சென்டிமீட்டர் குழாயில் தண்ணீர் 3 சென்டிமீட்டர் வாக்கில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று நான் விளக்கம் சொல்லவே இல்லை.

இத்தனைக்கும் சேர்ந்து எட்டு பீரியட் போயிற்று. பாடக்குறிப்பில் அதற்கு நான் ஒதுக்கியிருந்தது ஒன்று.

அதற்கப்புறம் வகுப்பு நடத்தும் முறையில் நான் மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. செய்துகாட்டுவதற்கு முன்னால் "உன் கெஸ் என்ன?" என்று கேட்டு நோட்டில் எழுதவைப்பேன். பேனாவில்தான், அழிக்க முடியாமல். பிறகு நெஞ்சுக்கு நேராக விரலைக் காட்டச் சொல்வேன். ஏறும் என்றால் ஒரு விரல், இறங்கும் என்றால் இரண்டு, அப்படியே இருக்கும் என்றால் மூன்று. பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்து மாற்றிக்கொள்ள முடியாது. வேறு விரல் காட்டியவரோடு இரண்டு நிமிஷம் சண்டை போட்டுவிட்டு மறுபடி காட்ட வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எரிக் மசூர் 1990 வாக்கில் தொடங்கியது. பரீட்சையில் கஷ்டமான கணக்கெல்லாம் போடுகிற அவருடைய மாணவர்களிடம், சூத்திரம் தேவைப்படாத சாதாரண விசைக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வைத்தார். ஒரு மாணவி எழுந்து, "இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா?" என்ற பொருளில் கேட்டாராம். அந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளிக்கும் அது வந்து சேர்ந்தது.

கெஸ் எழுதவைப்பதில் ஒரு சின்ன லாபம், டீச்சரின் கெஸ்ஸும் மாட்டிக்கொள்ளும். கொடிக்கம்பத்து நிழல் விஷயத்தில் எனக்கு அது நடந்தது. உச்சி வெயிலில் நிழல் காலடியில் விழும் என்பது ஊரே சொல்கிற பேச்சு. 31 பேரில் 27 பேர் "மத்தியானம் 12 மணிக்கு நிழலே இருக்காது" என்று எழுதினார்கள். ஜூலை மாதம் மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டுப் பார்த்தால் நிழல் சுமார் 20 சென்டிமீட்டர் இருந்தது. அதுவும் தெற்குப் பக்கம். சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. டிசம்பரில் அதே குச்சிக்கு நிழல் வடக்கே 65 சென்டிமீட்டர். நிழல் முழுக்க மறைவது வருஷத்தில் இரண்டே நாள். மதுரைப் பக்கம் ஏப்ரல் 16 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 27 வாக்கில் ஒன்று. ஏப்ரலில் பரீட்சை, ஆகஸ்டில் மேகம். இரண்டு வருஷம் ஏமாந்து மூன்றாம் வருஷம்தான் பார்த்தோம். அதுவும் 12 மணிக்கு இல்லை, 12 மணி 18 நிமிஷம் வாக்கில். இந்திய நேரத்தைக் கணக்கிடும் 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு நாம் நாலு டிகிரிக்கு மேல் மேற்கே இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். மைதானத்தில் கடிகாரத்தோடு நின்ற பிள்ளைகளுக்கு அந்தப் பதினெட்டு நிமிஷம் புவியியல் புத்தகத்தின் ஒரு பக்கத்துக்குச் சமம்.

இப்படி நடத்துவதைப் புதுமை என்று இப்போது பயிற்சிகளில் சொல்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு மாவட்டம் முழுக்க இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத், இன்றைய பெயர் நர்மதாபுரம். 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கின. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து சோதனை செய்தார்கள். 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் போனது. 1982-இல் அந்த வேலையைத் தொடர ஏகலைவா அமைப்பு பிறந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலைக்கு லீவு போட்டு 1978-இல் அங்கே போய்த்தான், சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் சேர்த்து வடிவியல் உருவங்கள் செய்யும் பொம்மையைக் கண்டுபிடித்தார். இன்று நம் ஊர் டீச்சர்கள் பாதிப் பேர் செய்யும் குப்பைப் பொம்மைகளுக்கு மூலம் அவர்தான்.

ஆனால் ஹோஷங்காபாத்தில் என்னைக் கவர்ந்தது பொம்மையோ கிட் பெட்டியோ இல்லை. அவர்கள் பாடப்புத்தகத்தில் பதிலே கிடையாது. கேள்வியும் செய்முறையும் மட்டும்தான். பதில் பிள்ளையின் நோட்டில் இருக்கும். அந்த நோட்டையும் புத்தகத்தையும் பரீட்சை ஹாலுக்குள் எடுத்துப் போகலாம். செய்முறைக்குத் தனிப் பரீட்சை. பரீட்சையை மாற்றாமல் பாடத்தை மாற்றிப் பிரயோஜனமில்லை என்று அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. முப்பது வருஷம் நடந்த திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது.

நம் பக்கமும் ஒன்றும் நடக்காமல் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அவர்களுடைய துளிர் இதழும் இல்லாவிட்டால் என்னை மாதிரி டீச்சர்களுக்குப் பேச்சுத்துணையே இருந்திருக்காது. 1993 முதல் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஒரு வருஷம் எங்கள் பிள்ளைகள் ஊர்க் கண்மாய்த் தண்ணீரைப் பற்றி ஆய்வு செய்து கொண்டுபோனார்கள். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற தமிழக அரசுத் திட்டம் வந்த பிறகு, 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குக் கருத்தாளர்கள் பொருள்களோடு பள்ளிக்கே வருகிறார்கள். நல்ல விஷயம். பிள்ளைகள் அந்த நாளுக்குக் காத்திருக்கிறார்கள். என் குறை ஒன்றுதான். கருத்தாளர் கிளம்பிப் போன மறுநாள் காலை, அதே பிள்ளைகள் அதே பெஞ்சில் உட்கார்ந்து புக் பேக் கேள்விக்கு விடை எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். நாங்களும் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஸ்மார்ட் போர்டு வந்த பள்ளிகளில் மெழுகுவத்தி சோதனையை வீடியோவாகப் போட்டுவிடலாம். அதில் மூன்றாவது வத்தி வைக்க முடியாது.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் அந்தக் கடைசி பெஞ்ச் பையன் வந்தான். "டீச்சர், மெழுகுவத்தி கேள்வி வந்தா என்னன்னு எழுத? நம்ம கண்டுபிடிச்சத எழுதவா, கைடுல இருக்குறத எழுதவா?"

ஹார்வர்டு மாணவி கேட்டது தன் மண்டைக்குள் இருந்த தப்பை மனதில் வைத்து. இவன் கேட்டது கைடில் இருந்த தப்பை. எனக்கு உடனே பதில் வரவில்லை. விடைத்தாளை நான் திருத்தினால் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த வருஷம் தாள்களைப் பள்ளி மாற்றித் திருத்தப் போவதாக ஒரு பேச்சு இருந்தது. அங்கே விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் மார்க். இவனோ 35-க்கும் 40-க்கும் நடுவில் ஊசலாடுகிறவன். "உண்மையை எழுதுடா" என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, ஆனால் அதனால் போகிற மார்க் என்னுடையது இல்லை. கடைசியில் நான் சொன்னது இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இல்லை. "கேள்விய நல்லாப் படிச்சுப் பாத்து எழுது" என்றேன். மறுபடியும் கேடயம்.

கேள்வி வந்தது. 2 மார்க். தாள்களை மாற்றித் திருத்தும் பேச்சு அடங்கிப்போய், கட்டு என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. 31 பேரில் 19 பேர் கைடில் இருந்ததை எழுதியிருந்தார்கள். எட்டுப் பேர் சூடு, குமிழி, சுருங்குதல் என்று எழுதியிருந்தார்கள். தூக்குவாளிக்காரி தூக்குவாளிப் படமே போட்டிருந்தாள். மூன்று பேர் எதுவும் எழுதவில்லை. அவன் தாளை எடுத்தேன். கைடில் இருக்கிற நாலு வரி, ஒரு வார்த்தை விடாமல் இருந்தது. அதற்குக் கீழே அடிக்கோடு போட்டு, பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி. "இது மார்க்குக்கு. நிஜம் நோட்டுல 14-ஆம் பக்கம் இருக்கு டீச்சர்."

3 போடலாமா என்று தோன்றியது. கூட்டலில் இடிக்கும். 2 போட்டுவிட்டு, அவன் நோட்டை எடுத்துவரச் சொன்னேன்.